175 டிவிஷன்கள்: பனிப்போரின் பாதுகாப்புச் செலவு எந்தக் கணக்கில் எழுதப்பட்டது?

1950 தொடக்கத்தில் அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன் ராணுவத்துக்கு வைத்திருந்த வரம்பு ஆண்டுக்குச் சுமார் 1,350 கோடி டாலர். அதற்கு மேல் ஒரு காசு கேட்டாலும் வரி உயரும், விலைவாசி ஏறும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். 1953-இல் அதே செலவு 5,000 கோடி டாலரை ஒட்டி வந்துவிட்டது. நாட்டின் மொத்த உற்பத்தியில் 5 சதவீதமாக இருந்தது 14 சதவீதமானது. நடுவில் கொரியப் போர் வந்தது உண்மைதான். ஆனால் 1953 ஜூலையில் அந்தப் போர் ஓய்ந்த பிறகும் செலவு பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை. அடுத்த நாற்பது ஆண்டுகள் அந்தப் பணத்துக்குச் சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான்: கம்யூனிசம் ஒரு ராணுவ அச்சுறுத்தல்.

இது சரியா தவறா என்ற விவாதம் பெரும்பாலும் கொள்கைச் சண்டையாகவே நடந்தது. ஸ்டாலின் எப்படிப்பட்டவர், மார்க்சியம் உலகை வெல்லச் சொல்கிறதா என்றெல்லாம் பேசினார்கள். பட்ஜெட்டில் பணம் ஏறியது அந்தப் பேச்சால் மட்டும் அல்ல. எத்தனை டிவிஷன் (தரைப்படையின் பெரிய பிரிவு), எத்தனை குண்டுவீச்சு விமானம், எத்தனை ஏவுகணை, எத்தனை ரூபிள் என்ற எண்களால் ஏறியது. அந்த எண்கள் எப்படிப் பிறந்தன, எங்கே பிசகின என்று பார்த்தால்தான் இந்த விவாதம் பிடிபடும். அச்சுறுத்தல் இருந்தது என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் செலவுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட கணக்குகளில் பெரும்பாலானவை, எதை எண்ணுவது என்ற முதல் படியிலேயே தடம் மாறியவை.

கெனனும் நிட்சேயும்

வாதத்தின் இரண்டு முனைகளும் அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஒரே அலுவலகத்தில் தொடங்கின. ஜார்ஜ் கெனன் மாஸ்கோ தூதரகத்தில் இருந்தவர். சோவியத் அதிகாரம் பரவாமல் தடுத்து நிறுத்த வேண்டும் என்று 1946-இல் நீண்ட தந்தி அனுப்பியவரும் அவரே. ஆனால் அவர் பயந்தது செஞ்சேனை எல்லை தாண்டி வரும் என்று அல்ல. போரில் இடிந்து, பசியில் கிடந்த ஐரோப்பாவில் கம்யூனிஸ்ட் கட்சிகள் தேர்தல், வேலைநிறுத்தம், உள்ளிருந்து கைப்பற்றல் ஆகிய வழிகளில் ஆட்சிக்கு வந்துவிடும் என்றுதான் பயந்தார். அந்த நோய்க்கு அவர் ஆதரித்த மருந்து மார்ஷல் திட்டம்: நான்கு ஆண்டுகளில் சுமார் 1,300 கோடி டாலர் பொருளாதார உதவி. சுமார் 2.7 கோடி மக்களைப் போரில் இழந்த நாடு உடனே இன்னொரு பெரும்போரைத் தொடங்காது என்பது அவர் மதிப்பீடு.

1950 தொடக்கத்தில், கெனன் வகித்துவந்த கொள்கைத் திட்டக் குழுத் தலைவர் நாற்காலிக்கு பால் நிட்சே வந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 1949 ஆகஸ்ட் 29-இல் சோவியத் யூனியன் முதல் அணுகுண்டைச் சோதித்திருந்தது. அக்டோபர் 1-இல் மாவோ சீன மக்கள் குடியரசை அறிவித்திருந்தார். நிட்சேயின் குழு 1950 ஏப்ரலில் முடித்த ஆவணம்தான் என்எஸ்சி-68, அதாவது தேசியப் பாதுகாப்புக் குழுவின் 68-ஆம் எண் அறிக்கை. அதன் தர்க்கம் எளிமையானது. எதிரியின் மனதில் இருப்பதை அறிய முடியாது. அவன் கையில் இருப்பதை எண்ண முடியும். ஆகவே அவனால் என்ன செய்ய இயலும் என்பதை வைத்தே திட்டமிட வேண்டும். 1954 நடுவில் சோவியத்திடம் 200 அணுகுண்டுகள் இருக்கும், அதுவே பெரும் ஆபத்தின் ஆண்டு என்று ஆவணம் குறித்தது.

கவனிக்க வேண்டிய செய்தி, இதற்கு எவ்வளவு செலவாகும் என்ற எண் அந்த ஆவணத்தில் இல்லை. எழுதியவர்கள் தங்களுக்குள் ஆண்டுக்கு 4,000 முதல் 5,000 கோடி டாலர் வரை போட்டு வைத்திருந்தார்கள். அதை எழுதினால் ட்ரூமன் முதல் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவார் என்று விட்டுவிட்டார்கள். பட்ஜெட் அலுவலகத்தின் வில்லியம் ஷாப் இதைக் கடுமையாக விமர்சித்தார். அதிபரின் பொருளாதார ஆலோசகர் லியான் கீசர்லிங்கோ, பொருளாதாரத்தை வளரவிட்டால் இந்தச் செலவைத் தாங்கலாம் என்றார். ட்ரூமன் முடிவெடுக்கவில்லை.

1950 ஜூன் 25-இல் வட கொரியப் படை தெற்கே புகுந்தது. என்எஸ்சி-68-க்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடைத்திருக்காது. செப்டம்பர் இறுதியில் அது அதிகாரப்பூர்வக் கொள்கையானது. பின்னாளில் திறந்த சோவியத் ஆவணங்கள் சொல்வது இது: கிம் இல் சுங் பலமுறை அனுமதி கேட்டார், ஸ்டாலின் பலமுறை மறுத்தார், 1950-இல் மாவோவும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையுடன் சம்மதித்தார். அதாவது ஸ்டாலினுக்கு ராணுவ சாகசத்தில் பங்கு இருந்தது. தன் படை அமெரிக்கப் படையோடு நேருக்கு நேர் மோதாதபடி பார்த்துக்கொள்ளவும் செய்தார். நிட்சே, கெனன் இருவரின் வாதத்துக்கும் ஒரே நிகழ்வில் தீனி இருந்தது. ஆனால் கூடுதல் பணத்தில் ஒரு பகுதிதான் கொரியாவுக்குப் போனது. மற்றது ஐரோப்பாவில் படை நிறுத்தவும் அணு ஆயுதக் கையிருப்பைப் பெருக்கவும் போனது.

டிவிஷன் என்றால் எத்தனை பேர்?

ஐரோப்பாவில் ஏன் அவ்வளவு படை? அங்கேதான் 175 என்ற எண் வருகிறது. சோவியத் ராணுவத்தில் 175 டிவிஷன்கள் இருக்கின்றன, மேற்கு ஐரோப்பாவில் அதில் சிறு பங்குகூட இல்லை என்பது 1940-களின் பிற்பகுதியிலிருந்து பத்திரிகைகளிலும் நாடாளுமன்ற விவாதங்களிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. 1952 பிப்ரவரியில் லிஸ்பனில் கூடிய நேட்டோ, இரண்டே ஆண்டுகளில் 96 டிவிஷன்கள் திரட்டுவதாக இலக்கு வைத்தது. எந்த உறுப்பு நாடும் அதற்குப் பணம் ஒதுக்கத் தயாராக இல்லை. இலக்கு கைவிடப்பட்டது. எண்ணிக்கையில் ஈடுகொடுக்க முடியாது என்ற முடிவோடு, அந்த இடத்தைச் சிறிய ரக அணு ஆயுதங்களால் நிரப்பினார்கள். 1960-களின் பிற்பகுதியில் ஐரோப்பிய மண்ணில் சுமார் 7,000 அமெரிக்க அணு ஆயுதங்கள் இருந்தன. ஒரு தலை எண்ணிக்கைப் பிழை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட அச்சமூட்டும் உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

பிழை என்னவென்றால், டிவிஷன் என்பது ஓர் அளவுகோலே அல்ல. அந்த 175-இல் மூன்றில் ஒரு பங்குதான் முழுப் பலத்தில் இருந்தது. இன்னொரு பங்கில் ஆட்கள் பாதியளவு. கடைசிப் பங்கு அதிகாரிகள், கிடங்குக் காவலர்கள், பழைய தளவாடங்கள் ஆகியவை மட்டும் உள்ள வெறும் கூடு. ரிசர்வ் ஆட்களைத் திரட்டி, பயிற்சி கொடுத்த பிறகே அது படையாகும். போர் முடிந்தபோது 1.1 கோடிக்கு மேல் இருந்த சோவியத் படை 1948-க்குள் 29 லட்சத்துக்கும் கீழே குறைக்கப்பட்டிருந்தது. 1950-இலும் அதன் போக்குவரத்தில் பாதி குதிரை வண்டி. கிழக்கு ஜெர்மனியின் பெரும்பாலான ரயில் பாதைகளில் இரண்டாவது தண்டவாளத்தைப் போர் இழப்பீடாக சோவியத்தே கழற்றிக்கொண்டு போயிருந்தது. மேற்கே விரைந்து படை நகர்த்த நினைக்கும் நாடு தன் முன்னணிக்குப் போகும் ரயில் பாதையைக் கழற்றாது.

1961-இல் ராபர்ட் மெக்னமாரா பாதுகாப்பு அமைச்சரானதும், அலைன் எந்தோவன் தலைமையிலான கணக்காய்வுக் குழு ஒரு சாதாரண வகுத்தல் போட்டது. சோவியத் தரைப்படையில் சுமார் 20 லட்சம் பேர், 175 டிவிஷன். ஒரு டிவிஷனுக்குச் சுமார் 11,000 பேர். அமெரிக்கத் தரைப்படையில் சுமார் 9.6 லட்சம் பேர், 16 டிவிஷன். ஒன்றுக்கு 60,000 பேர். சோவியத் டிவிஷனுக்குப் பின்னால் நிற்கும் பழுதுபார்ப்பு, மருத்துவம், எரிபொருள், வெடிமருந்துப் பிரிவுகளையும் சேர்த்துத்தான் அந்த 11,000. அப்படியானால் ஒன்று, அமெரிக்கத் தரைப்படை நம்ப முடியாத அளவுக்கு ஆட்களை வீணடிக்கிறது. அல்லது இரு பக்கமும் டிவிஷன் என்ற சொல்லால் வேறு வேறு பொருளைக் குறிக்கிறார்கள். அடுத்து அவர்கள் தளவாடச் செலவைப் பார்த்தார்கள். அமெரிக்கத் தரத்தில் 175 டிவிஷனுக்கு ஆயுதம் கொடுக்க ஆகும் தொகை, அமெரிக்காவில் பாதியளவே இருந்த சோவியத் பொருளாதாரத்தால் எட்ட முடியாதது. ஆட்களையும் பீரங்கிகளையும் வண்டிகளையும் நேரடியாக எண்ணியபோது ஐரோப்பாவில் நேட்டோ நிலைமை கையாளக்கூடியதாகவே தெரிந்தது. இந்த வகுத்தலைப் போடப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது என்பதுதான் வேதனை.

இல்லாத விமானங்கள், இல்லாத ஏவுகணைகள்

1955 ஜூலையில் மாஸ்கோவின் துஷினோ விமான நாள் அணிவகுப்பில் மியாசிஷ்சேவ் எம்-4 குண்டுவீச்சு விமானங்கள் கூட்டம் கூட்டமாகப் பறந்தன. ஒரே விமானங்கள் வட்டமடித்துத் திரும்ப வந்து பார்வையாளர்களை ஏமாற்றின என்பது பின்னர் ஒப்புக்கொள்ளப்பட்ட விளக்கம். கண்ணால் கண்டதை வைத்து ஆலையின் உற்பத்தி வேகத்தைக் கணித்து, அதைச் சில ஆண்டுகளுக்கு நீட்டி, சோவியத்திடம் நூற்றுக்கணக்கான நெடுந்தூர விமானங்கள் இருக்கப்போகின்றன என்று அமெரிக்க விமானப்படை சொன்னது. செனட்டர் ஸ்டூவர்ட் சைமிங்டன் 1956-இல் விசாரணை நடத்தினார். அதிபர் ஐசனோவர் கேட்காமலேயே அமெரிக்க நாடாளுமன்றம் சுமார் 90 கோடி டாலரைக் கூடுதலாக ஒதுக்கியது. அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானங்கள் மொத்தம் 744 கட்டப்பட்டன. எம்-4 வகையில் கட்டப்பட்டவை அதன் மேம்பட்ட வடிவத்தையும் சேர்த்து நூற்றுக்கும் குறைவு. 1956 ஜூலை 4-இல் யூ-2 உளவு விமானம் சோவியத் வானில் பறக்கத் தொடங்கியதும், தளங்களில் அத்தனை விமானம் இல்லை என்பது படத்தில் தெரிந்துவிட்டது. ஆனால் யூ-2 இருப்பதே ரகசியம் என்பதால் ஐசனோவரால் அதை வெளியே சொல்ல முடியவில்லை.

1957 அக்டோபர் 4-இல் ஸ்புட்னிக் பறந்தது. அடுத்த மாதமே, ஐசனோவர் அமைத்திருந்த கெய்தர் குழுவின் அறிக்கை, ஐந்தாண்டுகளில் சுமார் 4,400 கோடி டாலர் கூடுதலாகச் செலவழிக்கச் சொன்னது. அதன் பெரும் பங்கு மக்களுக்கான கதிர்வீச்சுக் காப்பிடங்களுக்கு. அறிக்கை எழுதுவதில் முக்கியக் கை மீண்டும் நிட்சேதான். ஐசனோவர் பெரும்பாலானவற்றை ஏற்கவில்லை. ஆனால் ஏவுகணைகளில் அமெரிக்கா பின்தங்கிவிட்டது என்ற பேச்சு 1960 தேர்தலில் ஜான் கென்னடிக்குக் கைகொடுத்தது.

ஸ்புட்னிக்கை ஏவிய ஆர்-7 ராக்கெட்டைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்த்தால், அதை நூற்றுக்கணக்கில் நிறுத்தவே முடியாது என்பது விளங்கும். எரிபொருள் மண்ணெண்ணெய், அதை எரிக்க மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் திரவ ஆக்சிஜன். நிரப்பி வைத்தால் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும். ஆகவே ராக்கெட்டைத் தயார் நிலையில் வைத்திருக்க இயலாது. ஏவுவதற்குப் பல மணி நேர ஏற்பாடு வேண்டும். நடுவில் ஒரு பகுதி, சுற்றி நான்கு துணைப் பகுதிகள் என்று முப்பது மீட்டருக்கு மேல் உயரம். ரயிலில்தான் கொண்டுவர முடியும். தளத்துக்கு ஒரு பெரிய கான்கிரீட் குழியும், வழிகாட்டத் தொலைவில் தனி வானொலி நிலையங்களும் வேண்டும். இவை அனைத்தும் வானிலிருந்து பளிச்சென்று தெரிபவை. அதனால்தான் யூ-2 விமானிகள் ரயில் பாதைகளைப் பின்தொடர்ந்து பறந்தார்கள்.

1960 மே 1-இல் யூ-2 சுட்டு வீழ்த்தப்பட்ட பிறகு, அந்த ஆகஸ்டில் கொரோனா உளவுச் செயற்கைக்கோளின் பிலிம் பெட்டி முதன்முறையாக நடுவானில் பாராசூட்டோடு பிடிக்கப்பட்டது. அந்த ஒரே சுருளில் இருந்த சோவியத் நிலப்பரப்பு, அதுவரை யூ-2 எடுத்த அனைத்தையும் விட அதிகம். 1961 செப்டம்பரில் உளவு மதிப்பீடு 10 முதல் 25 ஏவுதளங்கள் என்று இறங்கியது. அதற்கு மூன்று மாதம் முன்புகூட விமானப்படை நூற்றுக்கு மேல் என்றும், தரைப்படையும் கடற்படையும் மிகச் சில என்றும் சொல்லிக்கொண்டிருந்தன. ஒரே தரவு, மூன்று எண்கள். ஏவுகணைப் பற்றாக்குறை நிரூபணமானால் பணம் விமானப்படைக்குப் போகும் என்பதை மறந்துவிட்டு இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள முடியாது. போரில் பயன்படக்கூடிய ஆர்-7 தளங்கள் உண்மையில் ஒரு கை விரல்களை ஒட்டித்தான் இருந்தன. 1961 அக்டோபர் 21-இல் பாதுகாப்புத் துணை அமைச்சர் ராஸ்வெல் கில்பாட்ரிக் பொதுமேடையிலேயே அமெரிக்காவின் முன்னிலையை அறிவித்தார். அதன் பிறகும் 1,000 மினிட்மேன் ஏவுகணைகளும், தலா 16 ஏவுகணைகள் தாங்கும் 41 நீர்மூழ்கிகளும் கட்டி முடிக்கப்பட்டன. காரணம் மறைந்த பிறகும் திட்டம் நின்றது.

பழியை அமெரிக்காவின் மேல் மட்டும் சுமத்துவது நியாயம் ஆகாது. தன்னிடம் இல்லாத ஏவுகணைகளைத் தொழிற்சாலை வரிசையில் உருவாக்குவதாக நிகிதா குருசேவ் பெருமை பேசினார். மூடிய நாடு, பொய் பேசும் தலைவர், பட்ஜெட் தேடும் படைப்பிரிவு மூன்றும் சேர்ந்தால் எண் ஏறத்தான் செய்யும். குருசேவின் மிரட்டல் அவருடைய நாட்டுக்கே வினையாக முடிந்தது. அமெரிக்கா உண்மையிலேயே ஆயிரம் ஏவுகணைகளைக் கட்டிவிட்டது.

ரூபிளை டாலராக்கும் கணக்கு

1970-களில் வாதம் ஆயுத எண்ணிக்கையிலிருந்து பணத்துக்கு மாறியது. சோவியத் அதிகாரப்பூர்வப் பாதுகாப்பு பட்ஜெட் ஆண்டுக்கு ஆண்டு 1,700 கோடி ரூபிளைச் சுற்றியே நின்றது. அதை யாரும் நம்பவில்லை, நம்பாதது சரிதான். அதற்குப் பதில் சிஐஏ தன் வழியில் கணக்குப் போட்டது. முதலில் செயற்கைக்கோள் படங்களிலிருந்து சோவியத்தின் ஆட்கள், டாங்கிகள், கப்பல்கள், விமானங்களை எண்ணுவது. பிறகு அதே பொருளை அமெரிக்காவில் செய்தால், அதே ஆளை அமெரிக்காவில் வேலைக்கு வைத்தால் எவ்வளவு ஆகும் என்று விலை போடுவது. கடைசியில் கூட்டுவது. இப்படிப் பார்த்தால் 1970-களின் பிற்பகுதியில் சோவியத் செலவு அமெரிக்கச் செலவைவிட 40 சதவீதத்துக்கு மேல் அதிகம் என்று வந்தது. அந்தச் சதவீதம் நாடாளுமன்றத்தில் ஆயுதம்போல் வீசப்பட்டது.

இதில் உள்ள கோளாறு நுட்பமானது. கற்பனை எண்களை வைத்துப் பார்ப்போம். சோவியத்திடம் 40 லட்சம் வீரர்கள், 1,000 விமானங்கள். அமெரிக்காவிடம் 20 லட்சம் வீரர்கள், 2,000 விமானங்கள். அமெரிக்க விலையில் ஒரு வீரருக்கு ஆண்டுக்கு 10,000 டாலர், ஒரு விமானம் 1 கோடி டாலர் என்று வைத்தால், சோவியத் 5,000 கோடி, அமெரிக்கா 4,000 கோடி. சோவியத் 25 சதவீதம் அதிகம். இப்போது சோவியத் விலைக்கு மாறுவோம். அங்கே கட்டாய ராணுவச் சேவை என்பதால் வீரர் மலிவு, 1,000 ரூபிள் போதும். நுட்பத் தொழில் பின்தங்கியதால் விமானம் 2 கோடி ரூபிள். சோவியத் 2,400 கோடி, அமெரிக்கா 4,200 கோடி. இப்போது அமெரிக்கா 75 சதவீதம் அதிகம்! படைகள் மாறவில்லை, விலைப் பட்டியல் மட்டும் மாறியது. ஒவ்வொரு நாடும் தன்னிடம் மலிவாகக் கிடைப்பதை அதிகம் வைத்துக்கொள்ளும். அதை மற்றவர் விலையில் மதிப்பிட்டால் அது ஊதிப் பெருகும்.

நடைமுறையில் இது இன்னும் விபரீதமானது. 1973-இல் அமெரிக்கா கட்டாய ராணுவச் சேவையை நிறுத்தித் தன் வீரர்களின் சம்பளத்தை உயர்த்தியது. அந்தச் சம்பளம் கணக்கில் சோவியத் வீரர்களுக்கும் போடப்பட்டது. கைச்செலவுக்குச் சில ரூபிள் வாங்கிய சிப்பாயால் மாஸ்கோவின் ராணுவச் செலவு காகிதத்தில் எகிறியது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ஃபிராங்க்லின் ஹோல்ஸ்மன் இதைப் பல ஆண்டுகள் எழுதினார். இரு பக்கத்துக் கூட்டாளி நாடுகளையும் சேர்த்தால் நேட்டோவின் செலவே அதிகம் என்றும் காட்டினார்.

1976-இல் சிஐஏ சோவியத் மொத்த உற்பத்தியில் ராணுவத்தின் பங்கை 6–8 சதவீதத்திலிருந்து 11–13 சதவீதமாக உயர்த்தியது. சோவியத் சுமை இரட்டிப்பாகிவிட்டது என்று பரபரப்பானது. ஒரு டாங்கிகூடக் கூடவில்லை. சோவியத் ஆயுத ஆலைகள் நினைத்ததைவிடத் திறமை குறைந்தவை, அதே ஆயுதத்துக்கு இரு மடங்கு ரூபிள் விழுங்குகின்றன என்பதே திருத்தத்தின் பொருள். எதிரியின் பலவீனம் குறித்த செய்தி, எதிரியின் பலமாக வாசிக்கப்பட்டது. 1983-இல் சிஐஏ இன்னொன்றையும் சொன்னது: 1976-க்குப் பிறகு சோவியத் ஆயுதக் கொள்முதல் ஏறத்தாழ வளரவே இல்லை. அதற்குள் ரொனால்ட் ரீகனின் விரிவாக்கம் முழு வேகத்தில் இருந்தது. 1980-இல் சுமார் 13,400 கோடி டாலராக இருந்த அமெரிக்கப் பாதுகாப்புச் செலவு 1985-இல் 25,000 கோடியைத் தாண்டியது.

பி அணியும் ஹக்கோடேட் விமானமும்

சிஐஏ மதிப்பீடு மென்மையாக இருக்கிறது என்ற குற்றச்சாட்டின்பேரில், அதன் இயக்குநர் ஜார்ஜ் புஷ் 1976-இல் வெளியாட்கள் குழு ஒன்றை அமைக்க ஒப்புக்கொண்டார். ரஷ்ய வரலாற்றுப் பேராசிரியர் ரிச்சர்ட் பைப்ஸ் தலைமை, உறுப்பினர்களில் நிட்சேயும் ஒருவர். பி அணி என்று பெயர் பெற்ற இந்தக் குழு, சோவியத்தின் பேக்ஃபயர் குண்டுவீச்சு விமானங்கள் 1984 தொடக்கத்துக்குள் 500 வரை வரலாம் என்றது. வந்தவை அதில் பாதிக்கும் குறைவு. நீர்மூழ்கிகளை ஒலியலைகளைப் பயன்படுத்தாமல் கண்டுபிடிக்கும் சோவியத் கருவிக்கு ஆதாரம் கிடைக்காதபோது, ஆதாரம் இல்லாததே அது மறைத்து வைக்கப்பட்டிருக்கலாம் என்பதற்கு அடையாளம் என்ற அளவுக்கு வாதம் போனது. இங்கே என்எஸ்சி-68-இன் விதி தலைகீழாகிவிட்டதைப் பாருங்கள். நோக்கத்தை அறிய முடியாது, திறனை எண்ணுவோம் என்றார்கள் 1950-இல். 1976-இல், நோக்கம் தெரியும், ஆகவே திறன் இருந்தே தீரும் என்றார்கள்.

அதே 1976 செப்டம்பர் 6-இல் விக்டர் பெலென்கோ என்ற சோவியத் விமானி தன் மிக்-25 போர்விமானத்தோடு ஜப்பானின் ஹக்கோடேட் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். மேற்குலகம் அந்த விமானத்தைக் கண்டுதான் மிகவும் அஞ்சியிருந்தது. அமெரிக்காவின் எஃப்-15 வடிவமைப்பில் அந்த அச்சத்துக்குப் பங்குண்டு. கழற்றிப் பார்த்தபோது உடல் பெரும்பாலும் நிக்கல் கலந்த எஃகு, டைட்டானியம் அல்ல. மின்னணுக் கருவிகளில் பழைய வெற்றிடக் குழல்கள். ஒலியைப்போல் மூன்று மடங்கான மாக் 3 வேகத்தைத் தொட்டால் என்ஜின் கெட்டுப்போகும். எடை அதிகம், வளைந்து திரும்பும் திறன் குறைவு, பறக்கும் தூரமும் குறைவு. பெரிய இறக்கையைப் புகைப்படத்தில் பார்த்து, சுறுசுறுப்பான சண்டை விமானம் என்று நினைத்திருந்தார்கள். அந்த எடையைத் தூக்கத்தான் அந்த இறக்கை. உயரத்தில் வேகமாக வரும் விமானத்தை நேர்கோட்டில் போய்த் தடுப்பதற்காகச் செய்யப்பட்டது அது. அந்த ஒரு வேலைக்கு நல்ல இயந்திரமும்கூட.

குறைத்து மதிப்பிட்ட இடங்கள்

இதுவரை சொன்னதை மட்டும் படித்தால், அச்சுறுத்தல் முழுக்க ஜோடனை என்று தோன்றும். அது உண்மை அல்ல, அப்படி எழுதுபவர்கள் பாதிக் கதையை விட்டுவிடுகிறார்கள். 1965-இல் மெக்னமாரா, சோவியத் எண்ணிக்கைப் போட்டியைக் கைவிட்டுவிட்டது என்றார். அடுத்த ஐந்தாண்டுகளில் அவர்கள் ஆயிரத்துக்கும் மேல் ஏவுகணைகளை நிறுத்தினார்கள். அந்த ஆண்டுகளின் அமெரிக்க மதிப்பீடுகள் தொடர்ந்து குறைவாகவே இருந்தன என்று அணு உத்தி ஆய்வாளர் ஆல்பர்ட் வோல்ஸ்டெட்டர் 1974-இல் சுட்டிக்காட்டியது சரியானது.

1962 கியூபா நெருக்கடியில் தீவில் இருந்த சோவியத் வீரர்கள் பத்தாயிரம் சொச்சம் என்று சிஐஏ நினைத்தது. இருந்தவர்கள் 40,000-க்கு மேல். கடற்கரையில் இறங்கும் படைமீது வீசத் தயாராகச் சிறிய ரக அணு ஆயுதங்களும் அங்கே இருந்தன. 1992-இல்தான் இது வெளிவந்தது. அமெரிக்கா படையெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது. 1979 ஏப்ரலில் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரில் ஆந்த்ராக்ஸ் நோய்க்கிருமி கசிந்து மக்கள் இறந்தது, கெட்டுப்போன இறைச்சியால் என்று சோவியத் அரசு பல ஆண்டு சொன்னது. அது ரகசிய உயிரி ஆயுதத் திட்டத்தின் கசிவு. அந்தத் திட்டத்தின் உண்மை அளவை மேற்குலகம் கணிக்கவில்லை. ஹங்கேரியில் 1956, செக்கோஸ்லோவாக்கியாவில் 1968, ஆப்கானிஸ்தானில் 1979 என்று டாங்கிகள் உண்மையாகவே உருண்டன.

தவறு ஒரே திசையில் போகவில்லை என்பதில் ஒரு பாடம் தெரிகிறது. அணிவகுப்பில் காட்டப்பட்டதை மிகையாக எண்ணினார்கள், மறைக்கப்பட்டதைக் குறைவாக எண்ணினார்கள். ஆனால் பட்ஜெட்டில் பணம் போனது காட்டப்பட்டதற்குப் பதிலாகத்தான்.

எந்தக் கம்யூனிசம்?

இன்னொரு பிழை பெயரிலேயே இருந்தது. கம்யூனிசம் என்று ஒற்றை எதிரியை வைத்ததால், மாஸ்கோவையும் பீஜிங்கையும் ஒரே பக்கத்தில் கூட்டினார்கள். சோவியத்தோடு ஐரோப்பாவில் ஒரு போர், சீனாவோடு ஆசியாவில் ஒரு போர், வேறெங்கோ அரைப் போர் என்று இரண்டரைப் போருக்கு அமெரிக்கப் படை திட்டமிடப்பட்டது. 1969 மார்ச்சில் இரு நாட்டு எல்லையில் உள்ள உசூரி ஆற்றுத் தீவில் சோவியத், சீனப் படைகள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. நிக்சன் அரசு இலக்கை ஒன்றரைப் போராகக் குறைத்தது. சீன எல்லையில் நின்ற நாற்பதுக்கு மேற்பட்ட சோவியத் டிவிஷன்களோ, பல ஒப்பீட்டு அட்டவணைகளில் தொடர்ந்து அமெரிக்காவுக்கு எதிரான கணக்கிலேயே இருந்தன.

இந்தியாவுக்கு இது அனுபவத்தில் தெரிந்த உண்மை. 1962-இல் ஒரு கம்யூனிஸ்ட் நாடு இமயத்தில் தாக்கியது. அதே ஆண்டு இன்னொரு கம்யூனிஸ்ட் நாடு மிக்-21 கொடுக்க ஒப்பந்தம் போட்டது. போருக்கு முன் மொத்த உற்பத்தியில் 2 சதவீதத்தை ஒட்டி இருந்த இந்தியப் பாதுகாப்புச் செலவு அடுத்த இரண்டு ஆண்டுகளில் சுமார் இரு மடங்கானது. புதிய மலைப் படை டிவிஷன்கள் எழுப்பப்பட்டன. அந்த உயர்வுக்குக் காரணமாக நின்றது எல்லையில் கண்கூடாக இருந்த ஒரு படை. மாவோவின் தத்துவத்தை யாரும் அளக்க வேண்டியிருக்கவில்லை.

கதவைத் திறந்து எண்ணியபோது

1988 நவம்பரில் நேட்டோ ஐரோப்பாவில் இரு தரப்பு டாங்கிகளையும் வெளியிட்டது: சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்த நாடுகளிடம் 51,500, தன்னிடம் 16,424. இரண்டு மாதம் கழித்து வார்சா நாடுகள் தங்கள் எண்ணை வெளியிட்டன: தங்களிடம் 59,470, நேட்டோவிடம் 30,690. சோவியத் தரப்பு தன்னிடம் இருப்பதாக ஒப்புக்கொண்டது நேட்டோ சொன்னதைவிட அதிகம்! எந்த வகை டாங்கியைச் சேர்ப்பது, கிடங்கில் இருப்பதை எண்ணுவதா என்பதில் இரு பக்கமும் வேறு விதி வைத்திருந்தன. டாங்கி விஷயத்தில் எச்சரித்தவர்கள் பொய் சொல்லவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். 1989 மே மாதம் மிகாயில் கோர்பசேவ் பாதுகாப்புச் செலவு 7,730 கோடி ரூபிள் என்று அறிவித்தார். அதுவரை காட்டிவந்ததைப்போல் சுமார் நான்கு மடங்கு. அதையும் முழுத் தொகையாக வெளியார் ஏற்கவில்லை. சோவியத் விலைகளே அரசு வைத்த விலைகள் என்பதால், மாஸ்கோவில் இருந்தவர்களுக்கே தங்கள் ராணுவம் எவ்வளவு விழுங்குகிறது என்று சரியாகத் தெரிந்திருக்க வழியில்லை.

1990 நவம்பர் 19-இல் பாரிசில் கையெழுத்தான ஐரோப்பிய மரபுவழிப் படைகள் ஒப்பந்தம் ஒவ்வொரு அணிக்கும் 20,000 டாங்கிகள் என்று வரம்பு வைத்தது. எதை டாங்கி என்று அழைப்பது என்பதற்கே அதில் எடை, பீரங்கிக் குழாயின் விட்டம், சுழலும் கோணம் என்று வரையறை எழுதினார்கள். எதிர்த்தரப்பு ஆய்வாளர்கள் குறுகிய முன்னறிவிப்பில் முகாமுக்குள் வர முடிந்தது. வாசல் 2 மீட்டருக்கு மேல் அகலமுள்ள எந்தக் கட்டடத்தையும் திறந்து காட்டச் சொல்ல முடிந்தது. ஒப்பந்தத்தின் எல்லை யூரல் மலைத்தொடர் வரை. கையெழுத்தாகும் முன்பே சோவியத் ராணுவம் ஆயிரக்கணக்கான டாங்கிகளை ரயிலேற்றி அந்த மலைக்குக் கிழக்கே அனுப்பிவிட்டது. அவற்றில் பல திறந்தவெளியில் பனியிலும் மழையிலும் நின்று துருப்பிடித்தன.